டிக்கட்டில் உள்ள நேரமும் நமது நேரமும்

சென்ற வாரம் புறக்கோட்டையில் ஓர் இளம் வியாபாரி தனது டிக்கட்டை என்னிடம் நீட்டினார். "ஹாஜியார், குவாங்சோவுக்குப் போக எட்டு மணித்தியாலம், திரும்பி வர மூன்றரை மணித்தியாலம் என்று இருக்கிறதே. வரும்போது வேகமான பிளேனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒருமுறை இந்தக் கடிகாரக் கணக்கில் ஏமாந்தவன் என்பது ஞாபகம் வந்ததும் அடங்கிவிட்டது.

கட்டுநாயக்கவிலிருந்து குவாங்சோ நேர்வழியில் ஏறத்தாழ 4,000 கி.மீ. நேரடி விமானம் சுமார் ஐந்தரை மணித்தியாலம் பறக்கும். சீன நேரம் நமது நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. டிக்கட்டில் அடிப்பதோ அந்தந்த ஊர் நேரம். நள்ளிரவு 12.30க்கு ஏறினால் காலை 8.30க்கு இறங்குவதாக இருக்கும். அங்கிருந்து இரவு 8 மணிக்கு ஏறினால் 11.30க்கு இங்கே இறங்குவதாக இருக்கும். ஆனால் ஆறு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பீர்கள். உயரத்தில் காற்று, விசேடமாகக் குளிர்காலத்தில், கிழக்கு நோக்கி வீசுவதால் திரும்பும் பயணம் சற்று நீளும்.

பாங்கொக் வழியாகப் போனாலும் தூரம் பெரிதாகக் கூடாது. கொழும்பு - பாங்கொக் 2,400 கி.மீ., அங்கிருந்து குவாங்சோ 1,700 கி.மீ. நூறு கி.மீ. தான் மேலதிகம். நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான்.

நான் ஏமாந்ததும் அங்கேதான். 1996 ஒக்டோபரிலிருந்து நமது நாட்டு நேரம் அரை மணித்தியாலம் முன்தள்ளப்பட்டிருந்தது. அப்போது பாங்கொக்குடன் வித்தியாசம் ஒரு மணித்தியாலம். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பியதும் அது ஒன்றரை ஆனது. அந்த ஓகஸ்ட்டில் டொன் முவாங் விமான நிலையத்தில் இறங்கிய நான், பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் மட்டும் திருப்பினேன். சுவரில் கடிகாரம் இருந்தது, யார் பார்த்தது? தொழுதுவிட்டு ஆறுதலாக வாசலுக்குப் போனால் கதவு மூடியாயிற்று.

மறுநாள் போய்ச் சேர்ந்தபோது, எனக்கென்று வைத்திருந்த சிறுவர் சப்பாத்துகளை வேறொரு நாட்டு வியாபாரி முற்பணம் கட்டி எடுத்துவிட்டார். புதிதாகச் செய்வித்த சரக்கு கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது நோன்புப் பெருநாள் முடிந்து ஆறாம் நாள். அதன்பின் பிள்ளைக்கு யார் சப்பாத்து வாங்குவார்? அடுத்த பெருநாள் வரை பணம் முடங்கிக் கிடந்தது.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். இரவு விமானத்தில் சுபஹ் ஆகாயத்திலேயே வந்துவிடும், வுழூவோடு ஏறுங்கள் என்றேன். 8.30க்கு இறங்கினாலும் குடிவரவு வரிசை, நகரத்துக்கு ஏறக்குறைய 30 கி.மீ. பாதை, ஹோட்டல் அறை என்று பதினொரு மணியாகிவிடும். பன்னிரண்டுக்குச் சீனர்கள் சாப்பாட்டுக்கு எழும்பிவிடுவார்கள்; சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்வதும் அங்கே வழக்கம். ஏப்ரல், ஒக்டோபர் கன்டன் கண்காட்சி நாட்களில் வீதி நெரிசல் வேறு.

"தொழிற்சாலைக்காரரை எத்தனை மணிக்குச் சந்திக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அன்றைக்கே ஒன்பதரைக்கு, ஹாஜியார்" என்றவர், அங்கேயே நின்று கைப்பேசியை எடுத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினார்.