சுளகில் மட்டும் பச்சை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வருகிறவர் காயின் பருமனோடு பச்சையையும் பார்ப்பார். வெளுத்த காய்க்கு விலை இறங்கிவிடும். அதனால்தான் மலைத்தோட்டங்களில் பறித்த காயை ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் மிதமான சூட்டில் பக்குவமாக உலர்த்துகிறார்கள். நிறத்தைக் காப்பாற்றிப் பிழைக்கும் ஊர் இது. ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அதே காய் வெறும் சாம்பலாகக் கிடக்கிறது.

பெண்கள் சுளகு வைத்துக் காய் பொறுக்கும் பழைய படம் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்க்கு மட்டும் பச்சை ஏற்ற வேண்டும்.

ஸ்கேன் செய்த படத்தைப் போட்டோஷாப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ திறந்ததும் முதல் வேலை, அதை ஆர்ஜிபி முறைக்கு மாற்றுவது. இதை மறந்தால் எந்த வண்ணத்தைத் தொட்டுத் தீட்டினாலும் சாம்பல்தான் விழும். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இது. பிறகு படத்தின் மேல் வெற்று லேயர் ஒன்றைப் போட்டு, அதன் பிளெண்ட் மோடைக் ‘கலர்’ என்று மாற்றிப் பிரஷ்ஷால் தீட்ட வேண்டும். நிறம் மட்டும் இறங்கும். ஒளியும் நிழலும் கீழே உள்ள படத்தினுடையவை. காயின் மேல் ஓடும் வரிகள் அழியாது. வெளிச்சம் பட்டு முழுக்க வெளுத்த புள்ளி வெள்ளையாகவே நிற்கும். அதுதான் தீட்டிய நிறத்தை இயல்பாகக் காட்டுகிறது.

வண்ணத்தில் எடுத்த படமென்றால் வேலை தலைகீழ். மேலே ஒரு நகலை வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, மாஸ்க் போட்டு, காய் இருக்கும் இடத்தில் கறுப்பைத் தீட்டினால் அடியிலுள்ள பச்சை வெளியே வரும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 19-ஆம் நூற்றாண்டிலேயே, இந்திய ஸ்டுடியோக்களில் படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் பூசினார்கள். ஒன்றுக்கு மட்டும் நிறம் தருவதற்குத் திரையில் புகழ்பெற்ற உதாரணம் 1993-இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’: கறுப்பு வெள்ளைக் கூட்டத்தின் நடுவே ஒரு சிறுமியின் கோட் மட்டும் சிவப்பு.

தீட்டுவதைவிடக் கடினம், எந்த நிறம் என்று முடிவு செய்வது. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நெற்றிக் குங்குமம் அதில் கறுத்துப் போகும், சிவப்புச் சேலை கருஞ்சேலையாகும். சாம்பலைப் பார்த்து ஊகித்தால் தப்பும். தானாக நிறமேற்றும் செயலிகளுக்கும் ஊகம்தான் கதி. வீட்டுப் பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, “ஆச்சி, இந்தச் சேலை என்ன கலரு?” என்று கேட்பதே நம்பகமான வழி. அசல் ஸ்கேனைத் தொடாமல் தனியே சேமித்து வைப்பதும் கட்டாயம்.

காய்க்கும் இந்தக் கவனம் வேண்டும். செடியிலிருந்து பறித்த காயின் பச்சை வேறு, ஸ்டோரில் உலர்ந்து வந்த காயின் பச்சை வேறு. பொறுக்குவது உலர்ந்த காயை. சுளகில் இலைப்பச்சையைத் தீட்டிவிட்டால் போடிக்காரர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.