தொட்டி நிறைய தண்ணீர், குழாயிலோ காற்று

ஆண்டுக்கு சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டும் ஊர் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). சிறிய தீவு, செங்குத்தான சரிவுகள். பெய்த மழை கடலுக்கு ஓடிவிடுகிறது. கோடையில் தானிக்காரி அணை வற்றினால் குழாய் நீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான். மாடித் தொட்டியே கதி.

அரிதாக வந்த நீர் தொட்டியில் நிறைந்தும் குழாயில் 'புஸ்' என்ற சத்தம் மட்டும் கேட்டால்? பலரும் அடைப்பைத் தேடிக் குழாயைக் கழற்றுகிறார்கள். வீண் வேலை. தொட்டி வற்றியபோது உள்ளே புகுந்த காற்று, குழாய் மேடாக வளையும் இடத்தில் வழிமறிக்கிறது. தொட்டியின் வால்வை அடுத்து, நீர்மட்டத்தைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாய் நிறுத்தினால் தொல்லை பெரும்பாலும் தீரும். செலவு சொற்பம், ஆனாலும் பிளம்பர்கள் மறப்பது இதைத்தான்.