நேர்காணல் ஆய்வை நம்பலாமா? 1943 வங்கப் பஞ்சம் காட்டும் அளவுகோல்

கொல்கத்தா: மக்களை நேரில் சந்தித்துப் பேசி, அவர்கள் கூறுவதன் அடிப்படையில் எழுதப்படும் ஆய்வை எந்த அளவுக்கு நம்பலாம்? இக்கேள்விக்கு, 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் குறித்த ஆய்வுகளும் அவற்றைச் சுற்றி எழுந்த விவாதமும் தெளிவான விடையைத் தருகின்றன.

தெருவில் நடந்த ஆய்வு

உணவு தேடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்களால் 1943 செப்டம்பரில் கொல்கத்தாவின் தெருக்கள் நிரம்பியிருந்தன. கல்கத்தா பல்கலைக்கழக மானிடவியல் ஆசிரியர் தாரக் சந்திர தாஸ், தம் குழுவினருடன் அவர்களைச் சந்தித்து, முன்பு செய்த தொழில், குடும்பம் சிதைந்த விதம் உள்ளிட்டவற்றைக் கேட்டுப் பதிவு செய்தார். 1949இல் பல்கலைக்கழகம் அதனை நூலாக வெளியிட்டது.

இந்த ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. நகரை வந்தடைந்தோர் மட்டுமே இதில் இடம்பெற்றனர். ஊரிலேயே மடிந்தவர்களும், நடக்க வலுவின்றி வழியில் விழுந்தவர்களும் இதில் இல்லை. எனவே, வந்தவர்கள் யார் என்பதற்கு இது வலுவான சான்று. பஞ்சத்தில் இறந்தோர் எத்தனை பேர் என்பதற்குச் சான்றாகாது.

எண்ணிக்கையில் எழுந்த சர்ச்சை

அதே மானிடவியல் துறை, கிராமப்புற மாதிரி ஆய்வின் அடிப்படையில் இறந்தோர் எண்ணிக்கையை சுமார் 35 லட்சம் என மதிப்பிட்டது. பாதிப்பு மிகுந்த பகுதிகளின் விவரத்தை மாகாணம் முழுமைக்கும் பொருத்த முடியாது எனக் கூறி, பஞ்ச விசாரணை ஆணையம் அதனை ஏற்கவில்லை. ஆணையத்தின் கணக்கு சுமார் 15 லட்சம். பின்னர் 1981இல் பொருளியலறிஞர் அமர்த்தியா சென், இரண்டையும் ஏற்காமல் சுமார் 30 லட்சம் என மதிப்பிட்டார்.

ஒத்துப்போன சான்றுகள்

எனினும், 'யார் அதிகம் பாதிக்கப்பட்டனர்' என்ற கேள்வியில் ஆய்வுகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.சி. மகலனோபிஸ் குழு கிராமங்களில் நடத்தி, 1946இல் வெளியிட்ட ஆய்வும் வேளாண் கூலித் தொழிலாளர்கள் கடுமையாக பாதிக்கப்பட்டதைக் காட்டியது. அரிசி விலைக்கு ஈடாகக் கூலி உயராததே அவர்களை வீழ்த்தியது என்று சென் விளக்கியபோது, இவ்விரு ஆய்வுகளும் அவருக்குத் துணைநின்றன.

கேட்க வேண்டியவை

இவோன்னா லிங்கன், ஈகான் கூபா ஆகியோர் 1985இல் பண்புசார் ஆய்வுகளுக்கு நான்கு அளவுகோல்களை முன்வைத்தனர். முடிவு நம்பத்தக்கதா, வேறு சூழலுக்குப் பொருந்துமா, செய்முறை சீரானதா, ஆய்வாளரின் விருப்பு வெறுப்பால் அன்றிச் சான்றுகளால் முடிவு உறுதிப்படுகிறதா என்பனவே அவை.

'ஆய்வில் தெரியவந்துள்ளது' என்ற செய்தியைப் படிக்கும் வாசகரும் இவற்றைக் கேட்கலாம். யாரிடம் பேசினர், யார் விடுபட்டனர், வேறு சான்று அதனுடன் ஒத்துப்போகிறதா, சான்று தாங்கும் அளவைவிடப் பெரிய முடிவு கூறப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பேசியோரின் எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் ஓர் ஆய்வைத் தள்ளிவிடத் தேவையில்லை. விடுபட்டோரைப் பற்றி அது மௌனம் காத்தால், அதன் முடிவை அப்படியே ஏற்கவும் கூடாது.