பன்னிரண்டு சிசுக்களும் ஒரு பரீட்சையும்

புதியதொரு சிகிச்சை பழையதைக் காட்டிலும் நன்மை தருமா என்று அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு சமபாகங்களாகப் பிரித்து, இறுதிக் கணக்கு வரும்வரை எதையும் மாற்றாமல் காத்திருப்பதே வைத்திய ஆராய்ச்சியின் நெடுநாளைய சம்பிரதாயம். ஆனால் பாதி வழியிலேயே ஒரு பக்கத்தில் மரணங்கள் மிகுந்து தோன்றும்போது, அடுத்து வரும் நோயாளியையும் அதே குலுக்கலுக்கு உட்படுத்துவது தர்மமாகுமா? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே, இடைக்கால முடிவுகளைக் கொண்டு ஆய்வின் போக்கைத் திருத்திக்கொள்ளும் தகவமைப்பு முறை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பார்ட்லெட்டும் அவருடைய சகாக்களும், சுவாசம் தளர்ந்து மரணத்தோடு போராடிய பச்சிளம் சிசுக்களுக்கு, உடலுக்கு வெளியே ரத்தத்தைக் கொணர்ந்து பிராணவாயு ஊட்டித் திருப்பி அனுப்பும் எக்மோ சிகிச்சையை இம்முறையில் பரிசோதித்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். கலசம் ஒன்றில் இரு சிகிச்சைகளின் பேரிலும் ஒவ்வொரு பந்து இருப்பதாகக் கொண்டு தொடங்கி, குலுக்கலில் வரும் பந்தின்படியே ஒவ்வொரு சிசுவுக்கும் சிகிச்சையை ஒதுக்கினர். சிசு பிழைத்தால் அது பெற்ற சிகிச்சையின் பேரிலும், இறந்தால் மற்றதன் பேரிலும் ஒரு பந்து கூடும் என்பது விதி. முதற்சிசு எக்மோ பெற்றுப் பிழைத்தது. இரண்டாவது வழக்கமான சிகிச்சை பெற்று இறந்தது. உடனே வாய்ப்பு மூன்றுக்கு ஒன்றாக எக்மோவின் பக்கம் சாய்ந்தது. அடுத்து வந்த பத்துச் சிசுக்களும் எக்மோவே பெற்று, பத்தும் பிழைத்தன.

பதினோரு உயிர்கள் காக்கப்பட்டது சிறிய காரியமன்று. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தில் ஒரே ஒரு சிசுதான் இருந்தமையால், அதன் மரணத்துக்குக் காரணம் சிகிச்சையின் குறையா, நோயின் உக்கிரமா என்று பிரித்தறிய வழியில்லாது போயிற்று. ஐயம் தீராமல், விவாதம் பல்லாண்டு நீடித்தது. பிரிட்டனில் 185 சிசுக்களைச் சமமாகப் பிரித்து நடத்திய பிறிதோர் ஆய்வில், எக்மோவுக்கு ஒதுக்கப்பட்ட 93 பேரில் 30 பேரும், வழக்கமான சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 92 பேரில் 54 பேரும் இறந்தனர். இடைக்கணக்குகளைத் தனியே பரிசீலித்துவந்த சுயேச்சைக் குழுவின் ஆலோசனைப்படி, 1995-இல் அங்கே புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது.

அந்த 54 மரணங்களை எண்ணுந்தோறும், மிச்சிகனின் கலசம் சற்றே நிதானித்துச் சாய்ந்திருக்கலாகாதா என்று என் நெஞ்சம் ஏங்குகிறது. ஒரு சிசுவின் மரணத்தால் திரும்பிவிடும் விதி, அன்றைய நோயாளிக்குக் கருணை காட்டுவதாயினும், நாளைய நோயாளிக்கு உரிய சான்றைச் சேர்த்து வைப்பதில்லை. ஆகவேதான் இக்காலத்தில் இம்முறையைக் கவனத்தோடு கையாள்வோர், ஒரு குறித்த தொகை நிறையும்வரை நோயாளிகளைச் சமமாகவே பிரித்து, அதன் பின்னரே வாய்ப்பைச் சாய்க்கிறார்கள். எப்போது, எந்த அளவுக்குச் சாய்ப்பது என்பதையும் முதல் நோயாளி சேருமுன்பே எழுத்தில் பதித்துவிடுகிறார்கள்.