லாயத்தின் காற்று சுத்தமா?

கண்ணில் படாத அழுக்கு

கூட்டிப் பெருக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஃபினாயில் தெளித்துவிட்டால் லாயம் சுத்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். குதிரையின் உடல்நலத்தைப் பொறுத்தவரை இது பாதிச் சுத்தம்தான். 450, 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் லத்தியும் சிறுநீருமாக ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ கழிக்கிறது. லத்தியை அள்ளிவிடலாம், சிறுநீர் படுக்கைக்கு அடியில் இறங்கித் தங்கிவிடும். அதிலுள்ள யூரியாவை லத்தியிலும் தரையிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் சிதைக்க, அம்மோனியா வாயு கிளம்புகிறது. குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. எல்லாம் மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றும் நுண்ணிய இழைகளை அம்மோனியா மந்தமாக்குகிறது. அப்போது வைக்கோல் தூசியும் பூஞ்சை வித்துகளும் உள்ளேயே தங்கி, விடாத இருமல், சளி, ஓடினால் மூச்சிரைப்பு என ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடுகின்றன. ஆகவே குதிரை மூச்சுவிடும் உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்பதை வைத்தே லாயத்தின் சுத்தத்தை மதிப்பிட வேண்டும் என்பேன்.

முழங்கால் உயரத்தில் ஒரு சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். விடியற்காலையில், கதவைத் திறந்த கையோடு உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு இருக்கும் உயரத்தில், அதாவது படுக்கையிலிருந்து ஒரு அடி உயரத்தில், மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கில் நெடியேறினால், கண் எரிந்தால், இரவெல்லாம் குதிரை அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறது. நாள் முழுக்க அங்கேயே வேலை செய்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வரும் ஒருவர் சோதிப்பதே நல்லது. குதிரை நின்றுகொண்டே தூங்கும், அதற்குப் படுக்கை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நின்றபடி அது கண்ணயரும், அவ்வளவுதான். ஆழ்ந்த கனவுநிலைத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும்; நாளுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரமாவது அந்தத் தூக்கம் தேவை. தரை ஈரமாகவோ கட்டாந்தரையாகவோ இருந்தால் பல குதிரைகள் படுக்காமலே நாட்களைக் கடத்திவிடும். பிறகு நின்ற இடத்திலேயே தூக்கம் அழுத்தி, முன்னங்கால் மடங்கி விழுந்து, காலின் முன்புறம் காயமாகும்.

ஃபினாயிலும் சுண்ணாம்பும் போதாதா?

போதாது. ஃபினாயில் வாசனை அம்மோனியா வாடையை மறைக்கும், அம்மோனியாவை அகற்றாது. லத்தியும் ஈரமும் ஒட்டியிருக்கும் தரையில் கிருமிநாசினி சரியாக வேலை செய்வதும் இல்லை. சுண்ணாம்பு விஷயம் இன்னும் மோசம்: ஈரப் படுக்கையில் தூவினால் காரத்தன்மை கூடி, தங்கியிருந்த அம்மோனியாவும் வாயுவாகக் கிளம்பும். தினமும் குழாய்த் தண்ணீரால் அலசுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காயாத தரையில் நிற்கும் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்: அடிப்பகுதியில் முக்கோணமாக இருக்கும் மென்சதையின் பள்ளத்தைச் சுரண்டினால் கறுப்பாக, அழுகிய நாற்றத்தோடு பிசின் போல ஒட்டிக்கொண்டு வரும். ஈரத்தில் குளம்பு ஊறியதால் வந்த அழுகல் அது. அன்றாடம் ஈரமான இடத்தைத் தரை தெரியும்வரை அள்ளி எடுத்து, குதிரை வெளியே இருக்கும் நேரத்தில் தரையைக் காயவிட்டு, அதன்மேல் உலர்ந்த மரச்சீவலோ வைக்கோலோ பரப்புவதே சரியான வழி.

குளிருக்குக் கதவை அடைக்கலாமா?

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் நம்மைப் போல் குதிரைக்குக் குளிராது. உடல் உலர்ந்திருந்து, வயிறு நிறையப் புல்லும் கிடைத்தால் 5 டிகிரி செல்சியஸ் வரை பெரும்பாலான குதிரைகள் சிரமமின்றித் தாங்கும். நார்த்தீனி குடலில் நொதிக்கும்போதே உடலுக்குச் சூடு கிடைக்கிறது. குளிர்காற்று நேராக உடம்பில் அடிக்காதபடி கீழ்ப்பகுதியை மறைத்து, கூரையை ஒட்டி இடைவெளி விட்டால் சூடான ஈரக்காற்று தானாக மேலேறி வெளியேறும்.

சவாரிக் கூலியை நம்பிப் பிழைப்பவருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? கூரையோரம் திறப்பு விடுவதற்கும், உலர்ந்த புல்லை நனைத்துத் தூசி அடக்கிக் கொடுப்பதற்கும் செலவு அதிகமில்லை. தீவனத்தைத் தரைமட்டத்தில் வைத்தால் தலை தாழ்ந்து மூச்சுக்குழாய்ச் சளி தானாக வடியும். தலையை உயர்த்திக் குட்டையாகக் கட்டி வைப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வெயில் காலத்தில் லத்திக் குவியலில் ஈ முட்டையிட்டால் 7 முதல் 10 நாளில் புது ஈக்கள் பறக்கும்; அதற்குள் குவியலை லாயத்தை விட்டுத் தொலைவாக அகற்றிவிடுங்கள். குதிரை இருமினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தரும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதே நெடியடிக்கும் லாயத்தில் மறுபடி கட்டினால், அந்த மருந்துச் செலவு வீண்.