ரீலோட் என்ற ஒரு வரிக்குள் ஒரு மாதச் செலவு

பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வேயில் குடியிருந்து காரில் வேலைக்குப் போகும் ஒருவரின் வங்கி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் மூன்று வரிகள் ஒரே மாதிரி இருக்கும்: டச் என் கோ இ-வாலட் ரீலோட், 100 வெள்ளி. அந்த 300 வெள்ளி எதற்குப் போனது என்று வங்கி அறிக்கை சொல்லாது. எல்டிபி நெடுஞ்சாலையில் காருக்கு டோல் ஒரு முறைக்கு 2 வெள்ளி 10 சென். போக ஒன்று, வர ஒன்று என 22 வேலை நாளுக்குக் கணக்குப் போட்டால் டோலுக்கு மட்டும் 92 வெள்ளி 40 சென். மீதி, கார் நிறுத்தக் கட்டணமாகவும் காலை நாசி லெமாக்காகவும் மாமாக் கடை தே தாரேக்காகவும் கரைந்திருக்கும். எதற்கு எவ்வளவு என்று மனைவி கேட்டால் பதில் இருக்காது.

சம்பளத்தை ரொக்கமாக எடுத்து அலமாரியில் வைத்துச் செலவழித்த காலத்தில் தடயமே மிஞ்சாது. இன்று தடயத்துக்குப் பஞ்சமில்லை. 2018 டிசம்பரில் டுயிட்நவ் என்ற பணம் அனுப்பும் சேவை தொடங்கியது. அடுத்து வந்த அதன் கியூஆர் அட்டை பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை வரை எட்டிவிட்டது. இரண்டு வெள்ளிச் செலவும் எங்கோ ஓரிடத்தில் பதிவாகிறது. ஆனால் ஒரு பகுதி வங்கியில், ஒரு பகுதி இ-வாலட்டில், இன்னொரு பகுதி கடன் அட்டையில் என்று சிதறிக் கிடக்கிறது. வீட்டுக் கணக்கு மென்பொருளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது: சிதறியதை ஓரிடத்தில் சேர்ப்பது, வேண்டியதைத் தேடி எடுப்பது, எடுத்ததைக் கூட்டி அறிக்கையாகத் தருவது.

முதல் இடறலும் அங்கேயே இருக்கிறது. ரீலோட் செய்த 100 வெள்ளியைச் செலவு என்று பதிந்துவிட்டு, அதே பணத்தில் கட்டிய டோலையும் தனியே செலவு என்று பதிந்தால், ஒரே பணம் இரண்டு முறை செலவாகக் காட்டும். டோலைப் பதியாமல் ரீலோட்டை மட்டும் பதிந்தால், மாத அறிக்கையில் 'இ-வாலட்' என்று ஒரு பெரிய தொகை நிற்கும். அதனால் யாருக்கும் பயன் இல்லை. ரீலோட் என்பது ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொரு சட்டைப்பைக்குப் பணம் மாறுவது. வங்கி ஒரு கணக்கு, இ-வாலட் ஒரு கணக்கு, கையிலுள்ள ரொக்கம் ஒரு கணக்கு. இவற்றுக்கிடையே நடப்பது பரிமாற்றம். பணம் கடைக்காரர் கைக்குப் போகும்போதுதான் செலவு. கடன் அட்டைக்கும் இதுவேதான்: அட்டையைத் தேய்த்த நாளில் செலவு, மாத முடிவில் பில் கட்டுவது பரிமாற்றம்.

1998 முதல் இலவசமாகக் கிடைக்கும் குனுகேஷ் என்ற மென்பொருள் இந்த ஒழுங்கைப் பயனர் மீது கட்டாயமாக்குகிறது. எந்தத் தொகையை எழுதினாலும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் கேட்கும். இரட்டைப் பதிவு முறை என்பது இதுதான். இத்தாலியின் லூக்கா பச்சோலி 1494-இல் அச்சில் விளக்கிய முறை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். கோலாலம்பூர்த் தமிழர்கள் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. லெபோ அம்பாங் தெருவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று வரிசையாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். அன்றாடம் நடந்தது குறிப்பில் ஏறும். ஆள்வாரியாகப் பிரிந்து பேரேட்டில் விழும். எல்லாம் திரண்டு ஐந்தொகையாகும். மலாயாக் கடையை நடத்தும் மேலாள் அனுப்பும் ஐந்தொகையைப் பார்த்தே செட்டிநாட்டிலிருந்த முதலாளி கடையின் நிலையை அறிந்தார். இன்று மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் இருப்பு நிலை அறிக்கை அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

தேடலும் அறிக்கையும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். 'போன வருடம் ஃபிரிட்ஜ் பழுது பார்த்தவருக்கு எவ்வளவு கொடுத்தோம்?' என்பது தேடல். 'வருடம் முழுவதும் பழுது பார்க்க எவ்வளவு ஆனது?' என்பது அறிக்கை. குனுகேஷில் கண்ட்ரோலையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் தேடல் சாளரம் திறக்கும். விளக்கம், குறிப்பு, தொகை, தேதி, கணக்கு என எதை வைத்தும் தேடலாம். பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு: கிடைத்த விடையை மேலும் சுருக்கலாம், அல்லது அதோடு வேறொரு தேடலின் விடையைச் சேர்க்கலாம். இப்படித் திரட்டிய பட்டியல் தனிப் பேரேடாகத் திறக்கும். அதைத் திறந்து வைத்தபடியே அறிக்கைப் பட்டியலில் கணக்கு அறிக்கையைத் தேர்ந்தால், அந்த வரிகள் மட்டும் கூட்டுத்தொகையுடன் அச்சுக்குத் தயாராகும்.

அடிக்கடி கேட்கும் கேள்விக்கு இந்த வழி போதாது. அதற்குப் பரிவர்த்தனை அறிக்கை இருக்கிறது. எந்தக் கணக்குகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, விளக்கத்தில் எந்தச் சொல், மாதவாரியாக இடைக்கூட்டல் வேண்டுமா என்று ஒருமுறை அமைத்துப் பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால், அடுத்த ஆண்டு தேதியை மாற்றினால் போதும்.

இவ்வளவு வசதியிருந்தும் விடை தப்பாக வருவதற்குப் பெரும்பாலும் நாம் எழுதும் சொல்லே காரணம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரே வீட்டில் மூன்று மொழி புழங்குகிறது. கணவர் மலாயில் 'மின்யாக்' என்று எழுதுவார், மனைவி 'பெட்ரோல்' என்பார், வங்கியிலிருந்து இறக்கிய கோப்பில் எண்ணெய் நிலையத்தின் பெயர் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். மென்பொருளுக்கு இவை மூன்றும் வெவ்வேறு. ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும் என்று மூன்று சொல்லையும் கொடுத்துத் தேடலாம். ஆனால் நான்காவது சொல் ஒன்று இருப்பது நினைவில் இருந்தால்தானே? அதைவிட எல்லா எண்ணெய்ச் செலவையும் ஒரே செலவுக் கணக்கில் போட்டுவிடுவது பாதுகாப்பானது. பிறகு விளக்கத்தில் எதை எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. டுயிட்நவ் வழி பணம் அனுப்பும்போது குறிப்புக்கென்று ஒரு கட்டம் வரும். பலர் அதில் ஏதோ ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். 'அம்மா மருந்து' என்று அங்கேயே எழுதினால், ஆறு மாதம் கழித்துத் தேடுபவருக்கு அந்த இரண்டு சொல் பெரிய உதவி.

எதற்காகச் செலவு என்பதைக் கணக்கின் பெயர் சொல்லும். எந்தச் சந்தர்ப்பத்தில், யாருக்காக என்பதை அது சொல்லாது. தீபாவளியை வைத்துப் பார்த்தால் இது புரியும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணி எடுத்ததும் பிரிக்பீல்ட்ஸில் பலகாரச் சாமான் வாங்கியதும் ஒரு வருடம் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் விழும், இன்னொரு வருடம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். இந்த நவம்பரைப் போன நவம்பரோடு ஒப்பிடும் அறிக்கையைப் பார்த்துச் சிக்கனம் வந்துவிட்டதாக மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சிக்கு நாள்காட்டி மட்டுமே காரணமாக இருக்கலாம். தைப்பூசமும் அப்படித்தான்: 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. துணியைத் துணிக் கணக்கிலும் உணவை உணவுக் கணக்கிலும் போட்டு, ஒவ்வொன்றின் குறிப்பிலும் 'தீபாவளி 2025' என்று சேர்த்துவிட்டால், மாதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பண்டிகையோடு பண்டிகையை ஒப்பிடலாம்.

பதிந்ததெல்லாம் யாருடைய இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். மைக்ரோசாஃப்ட் மணி மென்பொருளின் விற்பனை 2009-இல் நின்றது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த மிண்ட் இணையச் சேவையை அதன் உரிமையாளரான இன்ட்யூட் 2024 மார்ச்சில் மூடியது; பழைய கணக்கு வேண்டியவர்கள் அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பரிவர்த்தனைகளை சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க வழி உண்டா என்பதை. எடுக்க முடியாத செயலி எவ்வளவு அழகாக வரைபடம் போட்டாலும் அதில் வருடக் கணக்கை வைப்பது ஆபத்து.

மலேசியாவில் இந்தத் தேடலுக்கு நேரடிப் பலன் கிடைக்கும் காலம் மார்ச், ஏப்ரல். வியாபாரம் இல்லாத சம்பளக்காரர்கள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குத் தரும் பிஇ படிவத்தின் கெடு ஏப்ரல் 30. 2025 மதிப்பீட்டு ஆண்டில் புத்தகம், கணினி, கைப்பேசி, சொந்தப் பெயரிலுள்ள இணையக் கட்டணம் போன்ற வாழ்க்கைமுறைச் செலவுகளுக்கு 2,500 வெள்ளி வரையும், பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரையும் வரிக்கழிவு கோரலாம். ஆண்டு முழுவதும் 'அம்மா மருந்து' என்று எழுதி வந்தவருக்கு ஒரே வடிகட்டலில் பட்டியல் வந்துவிடும். எழுதாதவர் பன்னிரண்டு மாத அறிக்கையை விரல் வைத்து வாசிக்க வேண்டும்; அலுத்துப்போய்க் கழிவையே விட்டுவிடுவதும் நடக்கும். உரிமையுள்ள பணத்தை இப்படி இழப்பது வருத்தத்துக்குரியது.

ஆனால் மென்பொருளின் அறிக்கை ஆதாரம் ஆகாது. வாரியம் கேட்டால் காட்ட வேண்டியது ரசீது. படிவம் தந்த ஆண்டின் முடிவிலிருந்து ஏழு ஆண்டு அதை வைத்திருக்க வேண்டும். 2026-இல் தாக்கல் செய்ததற்கு 2033 முடியும் வரை. மருந்தகத்தில் தரும் வெப்பத்தாள் ரசீது அவ்வளவு காலம் தாங்காது, எழுத்து வெளிறிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துக் கோப்பாக வைத்து, குனுகேஷின் ஆவண இணைப்பு வசதியால் அந்தப் பரிவர்த்தனையோடு சேர்த்துவிட்டால், அறிக்கையிலுள்ள வரியைத் தேடிப் போகும்போது ரசீதும் அங்கேயே கிடைக்கும்.