மாமாவோட போர்வெல்லும் என் படிப்பும்

காலேஜ்ல என்ன படிச்சேன்னு யாராவது கேட்டா, "இயற்கை வள மேலாண்மை"ன்னு சொல்லுவேன். அடுத்த கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "ஓ, மரம் நடுறதா?" எங்க அம்மா இன்னைக்கும் சொந்தக்காரங்ககிட்ட "அக்ரி மாதிரி ஒண்ணு"ன்னுதான் சொல்றாங்க. அதனால இந்த எபிசோட்ல சிலபஸ் பத்திப் பேசப் போறதில்லை. மூணாவது வருஷம் போட்ட ஒரே ஒரு கணக்கைப் பத்திப் பேசப் போறேன். அந்தக் கணக்கால எங்க மாமா என்கூட நாலு மாசம் பேசலை.

எங்க அப்புச்சி ஊர் உடுமலைப் பக்கம். தென்னந்தோப்பு. அங்கே வாய்க்கால் தண்ணிக்கு முறை உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துல பாசன நிலத்தை நாலு மண்டலமாப் பிரிச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணுக்குத்தான் தண்ணி விடுவாங்க. யாருக்கு எப்போன்னு எல்லாருக்கும் தெரியும். முறை தவறினா சண்டை வரும், பஞ்சாயத்து வரும். ஆனா நிலத்தடித் தண்ணிக்கு இப்படி எந்த முறையும் இல்லை. 1882-ல வந்த இந்திய வசதியுரிமைச் சட்டத்தை வச்சுத்தான் இன்னைக்கும் பேசறோம். உங்க நிலத்துக்கு அடியில இருக்கிற தண்ணியை உங்க எல்லைக்குள்ள நீங்க எடுத்துக்கலாம், அவ்வளவுதான். தண்ணிக்கு வேலி தெரியாதுங்கிறது அந்தச் சட்டத்துக்குத் தெரியலை.

சரி, கணக்குக்கு வருவோம். கொங்கு நாட்டுல பெரும்பாலும் அடியில கடும்பாறை. மேல மண், அதுக்குக் கீழ சிதைஞ்ச பாறை, அதுக்கும் கீழ கெட்டிப் பாறையில அங்கங்க விரிசல். நாம நினைக்கிற மாதிரி பூமிக்கு அடியில ஏரியோ ஆறோ ஓடுறதில்லை. பஞ்சு மாதிரி நினைச்சுக்கோங்க, ஆனா ரொம்பக் கஞ்சத்தனமான பஞ்சு. இந்த வகைப் பாறை, தன் கன அளவுல ஏறக்குறைய 1-லேர்ந்து 3 சதவீதம் தண்ணிதான் நமக்கு விட்டுக்கொடுக்கும்.

2 சதவீதம்னு வச்சுக்குவோம். ஒரு ஹெக்டேர், அதாவது ரெண்டரை ஏக்கர். அதுக்கு அடியில நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்குது. 10,000 கன மீட்டர் பாறை, அதுல 2 சதவீதம் 200 கன மீட்டர். லிட்டர்ல 2 லட்சம். கேக்கவே நிறைய இருக்குல்ல? ஒரு ஹெக்டேர்ல ஏறக்குறைய 175 தென்னை இருக்கும். கோடையில மரத்துக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்னு சிக்கனமாவே விட்டாலும் 8,750 லிட்டர். வகுத்துப் பாருங்க: 23 நாள்ல அந்த ஒரு மீட்டர் காலி. அக்கம்பக்கத்துலேர்ந்து கொஞ்சம் ஊறி வரும்தான், ஆனா அக்கம்பக்கத்துலயும் தென்னைதான்.

கிளாஸ்ல இதைப் போட்டப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா அந்த வாரம்தான் மாமா ஆயிரம் அடி போர் போட அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.

தமிழ்நாட்டுல நிலத்தடி நீரை பிர்க்கா வாரியாக் கணக்கெடுக்கறாங்க. வருஷத்துக்கு எடுத்துக்கக்கூடிய அளவுல எத்தனை சதவீதம் எடுக்கறோம்னு பார்ப்பாங்க. 70 வரைக்கும் பாதுகாப்பானது. 100-ஐத் தாண்டினா அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி. மாமா ஊர் பிர்க்கா அந்தக் கடைசிப் பட்டியல்ல இருந்துச்சு. அறிக்கையை பிரிண்ட் எடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு, பிரிண்ட் அவுட்டைக் காட்டி மாமாவை மாத்திடலாம்னு போயிருக்கேன்.

மாமா பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். அப்புறம் சொன்னார்: "ஏங்கண்ணு, நான் போடாம உட்டா பக்கத்துத் தோட்டத்துக்காரன் சும்மா இருப்பானா? கீழ இருக்கற தண்ணி அவனுக்குப் போகும். என்ற மரம் காயும். உன்ற காயிதம் வந்து தண்ணி ஊத்துமா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா அவர் சொன்னது தப்பில்லை. ஒருத்தர் மட்டும் நிறுத்தினா தண்ணி மிஞ்சாது, அவர் மட்டும்தான் நஷ்டப்படுவார். பாடத்துல இதுக்குப் பேர் பொதுவளச் சிக்கல். எனக்கு அது அன்னிக்குத்தான் புரிஞ்சுது, பரீட்சையில 10 மார்க்குக்கு எழுதினப்போ இல்லை. இருந்தும் நான் வாயை அடக்கலை. "நீங்க எடுக்கறது உங்க பேரன் தண்ணி மாமா"ன்னு சொல்லிட்டேன். அத்தை தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. நாலு மாசப் பேச்சு வார்த்தை அதோட போச்சு.

இந்த இடத்துல ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லணும். எலினோர் ஆஸ்ட்ரம். 2009-ல பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண். அவங்க முனைவர் பட்ட ஆய்வே கலிஃபோர்னியாவுல நிலத்தடி நீரைப் பத்தித்தான். அங்கே அளவுக்கு மீறி உறிஞ்சி, கடல் தண்ணி உள்ள வர ஆரம்பிச்சப்போ, பம்ப் வச்சிருந்தவங்களே கோர்ட் மூலமா உட்கார்ந்து பேசி, ஆளுக்கு இவ்வளவுன்னு குறைச்சுக்கிட்டாங்க. மகாராஷ்டிராவுல ஹிவ்ரே பஜார் கிராமத்துல, மழையைப் பார்த்து வருஷா வருஷம் தண்ணி பட்ஜெட் போடறாங்க. பாசனத்துக்கு போர் போடக் கூடாதுன்னு கிராமமே முடிவெடுத்தது. கரும்பும் வாழையும் கிடையாது. ரெண்டு இடத்துலயும் ஒண்ணு பொதுவா இருக்கு: எவ்வளவு இருக்குன்னு எல்லாருக்கும் முன்னாடி அளந்தாங்க.

போர் என்னாச்சுன்னு கேப்பீங்க. தேங்காய் வச்சு நீரோட்டம் பார்த்து, 800 அடி வரைக்கும் வெறும் புகை, அப்புறம் தண்ணி. மாமா எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார். எனக்கும் வந்துச்சு, அம்மா கையில. அடுத்த கோடையில தோப்புல இருந்த பழைய கிணறு வத்துச்சு. போர்னாலதான்னு என்னால நிரூபிக்க முடியாது, அந்த வருஷம் மழையும் குறைவு.

வேலை கிடைக்குமான்னு கேக்கறவங்களுக்குச் சுருக்கமா: வாட்டர்ஷெட் திட்டங்கள், ஜிஐஎஸ், தொண்டு நிறுவனங்கள், மேற்படிப்பு எல்லாம் இருக்கு. சம்பளம் ஐடி மாதிரி ஆரம்பிக்காது. புள்ளியியலை மட்டும் தூங்கிட்டு விட்றாதீங்க, நான் விட்டுட்டு ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

இப்ப நான் ஊருக்குப் போனா பிரிண்ட் அவுட் எடுத்துட்டுப் போறதில்லை. மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும், நுனியில கட்ட ஒரு இரும்புக் குண்டும் எடுத்துட்டுப் போறேன். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை கிணத்துல விட்டு அளந்து, மோட்டார் ரூம் சுவத்துல சாக்பீஸ்ல தேதியோட எழுதி வைப்பேன். முதல் தடவை மாமா வெளியவே வரலை. ரெண்டாவது தடவை டார்ச் பிடிச்சார். போன தை மாசம் போனப்போ சுவத்துல நான் எழுதாத மூணு எண் இருந்துச்சு, மாமா கையெழுத்துல. அதுக்குக் கீழயே பக்கத்துத் தோட்டத்துக் கிணத்தோட எண்ணும் இருந்துச்சு.

"அவனும் கயிறு கேட்டான், கொடுத்தேன்"னார் மாமா. வேற எதுவும் பேசலை. சாப்பிடக் கூப்பிட்டார்.